கம்பெனி பஸ்ஸும் கும்மிடிப்பூண்டி லோக்கலும்

கவரப்பேட்டைப் பக்கம் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஐ.டி. வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, ஓ.எம்.ஆர்.ல இருக்கவங்களுக்கு டீம் இருக்கு, சீனியர் இருக்காங்க. இங்க மொத்த கம்பெனிக்கும் ஐ.டி.ன்னா நான் ஒரு ஆளு. யார்கிட்ட கத்துக்கிறது? நாளைக்கு வேற வேலை தேடணும்னா எனக்கு யாரைத் தெரியும்?"

நியாயமான கேள்வி. தொழில் உறவுகளை எப்படி வளர்ப்பது என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் வளாகங்களை மனதில் வைத்து எழுதப்படுகிறது. அங்கே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாலே பக்கத்து டீம்காரர் அறிமுகமாகிவிடுவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவிலோ நிலைமை வேறு. ரோலிங் மில், இண்டக்‌ஷன் ஃபர்னஸ், கெமிக்கல், வாகன உதிரிபாகம் என்று இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன அறை, அதில் ஒரு சர்வர் ரேக், ஒரு ஆள். சி.சி.டி.வி. நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின் மக்கர் செய்தாலும், ஈ.ஆர்.பி.யில் ஸ்டாக் தப்பாகக் காட்டினாலும், எடைமேடை கம்ப்யூட்டர் சீட்டு அடிக்காமல் லாரிகள் வரிசை கட்டினாலும் அவரைத்தான். நானும் அப்படியொரு அறையில்தான் பல வருஷமாக வேலை பார்க்கிறேன்.

அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்: இங்கே தனியாக இருப்பவருக்கும் நல்ல தொழில் வட்டம் அமையும். ஆனால் அது மேலே இருப்பவர்களைப் பிடித்து ஏறும் ஏணியாக இருக்காது. பக்கவாட்டில் விரியும். எலக்ட்ரீஷியன், ஸ்டோர்ஸ்காரர், சர்வீஸ் இன்ஜினியர், அடுத்த காம்பவுண்டில் நம்மைப் போலவே தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஐ.டி. ஆள் என்று போகும்.

முதலில், வேலைக்கு எதில் வருகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஏற்றி, பிளாண்ட் வாசலில் இறக்கிவிடும். வசதிதான், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இருப்பவர்கள் எல்லாரும் உங்கள் கம்பெனிக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். நான் திருவொற்றியூரில் லோக்கல் ஏறுகிறவன். மூர்மார்க்கெட்டிலிருந்து வரும் அந்தப் பெட்டியில் அனல் மின் நிலையத்துக்காரர் இருப்பார், காமராஜர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்ப்பவர் இருப்பார், அவர்கள் அத்திப்பட்டு பக்கம் இறங்க, மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் வேறு ஆட்கள் ஏறுவார்கள். தடா வரை போய் ஸ்ரீசிட்டிக்கு மாறுகிறவர்களும் உண்டு. ஒரே பெட்டியில் எத்தனையோ கம்பெனிகளின் ஆட்கள். யாரும் யாருக்கும் நெருக்கமில்லை. தினமும் முகம் பார்க்கிறோம், எப்போதாவது பேசுகிறோம், அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் கேட்டது எளிமையான கேள்வி: வேலை பற்றித் தகவல் சொன்ன அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அடிக்கடி பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். அவ்வப்போது என்றவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்கள் நம் உலகத்திலேயே இருக்கிறார்கள். புதுச் செய்தி, சற்றுத் தள்ளி நிற்பவரிடமிருந்துதான் வருகிறது. கிரானோவெட்டரின் இந்தக் கணக்கில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதையே லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரிடம், 5 ஆண்டுத் தரவை வைத்துச் சோதித்தது. மிக நெருக்கமும் இல்லாமல், முற்றிலும் அந்நியமும் இல்லாமல், நடுவாந்தரமாக அறிமுகமானவர்களே வேலை மாற அதிகம் உதவினார்கள் என்று அது சொன்னது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. கணினிமயம் அதிகமுள்ள தொழில்களில் மெல்லிய அறிமுகம் பலன் தருகிறது, அது குறைவாக உள்ள தொழில்களில் நெருக்கமான உறவே பலன் தருகிறது. சிப்காட்டின் ஐ.டி. ஆள் இரண்டு உலகத்திலும் கால் வைத்திருக்கிறார். பிளாண்டுக்குள் அவருடைய வேலை நடக்க ஆழமான, நாள்பட்ட நம்பிக்கை தேவை. பிளாண்டுக்கு வெளியே அவர் வளர, பரவலான அறிமுகம் தேவை. இரண்டையும் ஒரே விதமாக வளர்க்க முடியாது.

உள்ளே இருக்கும் உறவை முதலில் சொல்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களில் முதல் ஆளாக நான் மதிப்பவர் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். மில் ஓரமாக இருக்கும் ஈ.ஆர்.பி. கம்ப்யூட்டர் தினமும் சில நேரம் நெட்வொர்க்கிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. ஸ்விட்ச் மாற்றினோம், கேபிள் முனை மாற்றினோம், சரியாகவில்லை. அவர்தான் வந்து, கேபிள் போகும் பாதையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஃபர்னஸ் லோடு எடுக்கிற நேரத்தையும் உங்க லைன் போற நேரத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்க" என்றார். எழுதிப் பார்த்தோம், பொருந்தியது. எங்கள் டேட்டா கேபிள் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் நெடுந்தூரம் ஓடிக்கொண்டிருந்தது. செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை என்பது எனக்குப் பாடத்தில் தெரியும். ஃபர்னஸ் பக்கத்தில் அந்தக் கேபிள் எவ்வளவு மின் இரைச்சலை வாங்கும் என்பது அவருக்குக் கண்ணில் தெரிந்தது. அந்தப் பகுதிக்கு ஃபைபர் இழுத்தோம். ஃபைபரில் போவது ஒளி. பக்கத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. மில் தூசியில் இரும்பு இருக்கும், அது போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகும், ஸ்விட்சை மூடிய பெட்டிக்குள் வையுங்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

பதிலுக்கு நான் செய்தது பெரிய காரியம் எதுவுமில்லை. எந்த மோட்டார் எப்போது ரிப்பேருக்குப் போனது, எந்த பேரிங் ஸ்டாக்கில் இருக்கிறது என்பதை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை அவர் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு ஷீட்டாக மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் தானாக வந்தது. "நாளைக்குக் காலைல ஈ.பி. ஷட்டவுன் தம்பி, சர்வரை முறையா இறக்கி வெச்சிடுங்க" என்று முந்தின நாளே போன் வந்துவிடும். திடீரென்று கரண்ட் போய் டேட்டாபேஸ் கெட்டுப்போவது எத்தனை நாள் வேலையைத் தின்னும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு போன் காலின் மதிப்பை எந்த வேலைத் திறன் அறிக்கையிலும் எழுத முடியாது.

ஆகவே புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் மாதம் உங்கள் அறையில் உட்காராதீர்கள். எடைமேடையில் ஒரு மதியம் நில்லுங்கள். ஸ்டோர்ஸில் சரக்கு இறங்கும்போது கூட இருங்கள். நைட் ஷிஃப்ட்டில் ஒரு முறை வாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில்லில் வேலை பார்ப்பவர்களின் பெயரை அட்டெண்டன்ஸில் சரியாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு பொருந்தாவிட்டால் அவர்கள் பி.எஃப். பணம் எடுக்க அலைய வேண்டியிருக்கும். அதை நீங்கள் சரிபார்த்துத் தந்தால் அந்த மனிதர்கள் உங்களை மறக்க மாட்டார்கள். இதையெல்லாம் "நெட்வொர்க்கிங்" என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட உண்மையான ஒன்று இல்லை.

இப்போது வெளியே. சிப்காட்டில் ஐ.டி. உலகத்தை இணைப்பவர் யார் தெரியுமா? பைக்கில் டோனரும் ஹார்ட் டிஸ்க்கும் வைத்துக்கொண்டு பிளாண்ட் பிளாண்டாகச் சுற்றும் சர்வீஸ் இன்ஜினியர். காலையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி, மதியத்துக்குள் கும்மிடிப்பூண்டி வந்து, நாலைந்து இடம் பார்த்துவிட்டுப் போவார். அவரைப் பல இடங்களில் கேட்டில் அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைக்கிறார்கள். பெயர் கேட்பதில்லை, "பிரிண்டர்காரர்" என்கிறார்கள். எனக்கு இது பொறுக்காது. அவர் வருவார் என்று தெரிந்தால் கேட் பாஸை முன்னதாகவே சொல்லி வைக்கலாம். வேலை முடிந்ததும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் அன்றே கையெழுத்துப் போடலாம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் பில் தாமதமாவது பல நேரம் பணம் இல்லாததால் இல்லை, யாரோ ஒருவர் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடப்பதால். அந்த யாரோ நாமாக இருக்கக் கூடாது.

இப்படி நடத்தினால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம், ஆனால் கிடைக்கும். நள்ளிரவில் ஃபயர்வால் போனால் தன் ஆபீஸில் கிடக்கும் உபரிப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று போவார். தேர்வாய்க்கண்டிகையில் ஒரு பிளாண்ட் நெட்வொர்க் ஆள் தேடுகிறது என்பதை வேலைவாய்ப்புத் தளத்துக்கு வரும் முன்பே சொல்வார். ஒரு எல்லை மட்டும் உண்டு. அவர் போய்வரும் மற்ற கம்பெனிகளின் உள் விவகாரத்தை அவரிடம் கேட்கவே கூடாது. அவராகச் சொல்ல ஆரம்பித்தாலும் பேச்சை மாற்றிவிட வேண்டும். நம்மிடம் அங்கத்துக் கதையைச் சொல்பவர் அங்கே நம் கதையைச் சொல்வார் என்பது மட்டும் காரணமில்லை. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது அவர் பிழைப்பு. அதை அவர் உடைக்க நாம் காரணமாகக் கூடாது.

அடுத்த காம்பவுண்டு ஐ.டி. ஆட்களோடு எங்களுக்குப் பழக்கம் உண்டானது ஜி.எஸ்.டி.யால். 2018 பிப்ரவரி 1ஆம் தேதி இ-வே பில் கட்டாயம் என்றார்கள். அன்றைக்கே போர்ட்டல் தாங்காமல் படுத்தது, தள்ளிவைத்தார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஜூன் 2 முதலும் நடைமுறைக்கு வந்தது. மற்ற ஊர்களைவிட எங்கள் ஊருக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் நாங்கள் எல்லையில் இருக்கிறோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. மூன்றாவது ஸ்டேஷன் ஆந்திரா. பக்கத்தில்தான் போகிறது என்று தமிழ்நாட்டின் 33 குறியீட்டைப் போட்டு, பின்கோடு தடாவுடையதாக இருந்தால் சிஸ்டம் ஏற்காது. ஆந்திராவின் 37 போட வேண்டும், வரியும் ஐ.ஜி.எஸ்.டி. ஆக வேண்டும். பில் வராமல் லாரி நகராது, டிரைவர் கேட்டில் ஹாரன் அடிப்பார், பிளாண்ட் ஹெட் போன் செய்வார்.

அதற்குப் பிறகு இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ள கம்பெனிகளில் ஆரம்பித்து, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டினாலே கட்டாயம் என்று ஆனது. ஐ.டி. ஆளே இல்லாத, ஒரு அக்கவுண்டன்ட்டும் ஒரு டேலியும் மட்டுமே உள்ள சின்ன யூனிட்டுகள் அந்த ஆகஸ்டில்தான் மாட்டிக்கொண்டன. பெரிய கம்பெனிகளில் இருந்த எங்களுக்கு அந்தப் பிழைச் செய்திகள் எல்லாம் பழக்கம். டீக்கடையில் நின்று ஒருவருக்கொருவர் சொன்னோம், பிறகு ஒரு வாட்ஸ்அப் குழுவானது. "இந்த எர்ரர் வருது, யாருக்காவது தெரியுமா?" என்று ஒருவர் கேட்பார், ஸ்கிரீனில் இருக்கும் தொகையையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்துவிட்டுப் படம் போடுவார், சில நிமிஷத்தில் பதில் வரும். அதில் இருந்த ஒரு கணக்குப் பிரிவுத் தங்கை இப்போது ஈ.ஆர்.பி. கன்சல்டன்ட்டாக இருக்கிறார். அந்த நாட்களில் அவர் கேட்ட கேள்விகளின் தெளிவைப் பார்த்த ஒருவர்தான் அவரை வேலைக்குக் கூப்பிட்டார். அவர் யாரிடமும் வேலை கேட்கவில்லை.

இதனால்தான் லிங்க்ட்இன்னில் முகம் தெரியாதவர்களுக்கு "சார், ரெஃபர் பண்ணுங்க" என்று அனுப்புவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஒருவரை ரெஃபர் செய்கிறவர் தன் பெயரை ஈடு வைக்கிறார். உங்கள் வேலையின் ஒரு துளிகூடப் பார்க்காதவரிடம் அதைக் கேட்பது அவரைச் சங்கடப்படுத்துவது. அதற்குப் பதிலாக ஒரு குறிப்பான கேள்வி கேளுங்கள். "உங்கள் பிளாண்டில் எடைமேடையை ஈ.ஆர்.பி.யோடு எப்படி இணைத்தீர்கள்? நான் இந்த முறையில் முயன்றேன், இந்த இடத்தில் நிற்கிறது" என்று எழுதினால் பத்தில் சிலராவது பதில் போடுவார்கள். பதில் வந்தால் முயன்று பார்த்து, என்ன ஆனது என்று திரும்பச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். யோசனை சொன்னவருக்கு அது பலித்ததா என்று தெரிந்துகொள்வதில் இருக்கும் மகிழ்ச்சி தனி.

டீக்கடை என்று எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நின்று பேசும் வசதி ஆண்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் லேடீஸ் கம்பார்ட்மெண்ட்டில் தங்களுக்கென்று ஒரு வட்டம் அமைத்திருக்கிறார்கள், அது எங்களுடையதைவிட உயிர்ப்பானது என்று கேள்விப்படுகிறேன். ஆனால் வேலை பற்றிய முக்கியமான செய்தி டீக்கடையில் மட்டும் உலவினால் அவர்களுக்கு அது வந்து சேராது. அதனால் குழுவில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம்: நேரில் பேசித் தெரிந்துகொண்டதை அன்றே எழுதிப் போட்டுவிட வேண்டும். சந்திப்பு என்றால் பகலில், கம்பெனி டிரெயினிங் ரூமில், எல்லாரும் வீடு திரும்ப ரயில் இருக்கும் நேரத்தில்.

நம் தொழிற்பேட்டைக்கு வெளியேயும் போக வேண்டும். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் கூடிவருகிறது. சென்னை பைத்தான் குழு மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறது. பட்டம், பதவி யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே போகக் கூச்சமாக இருந்தால் காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவிலிருந்து ஆரம்பியுங்கள். இணையம் வழியாகத் தமிழிலேயே பேசுகிறார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். கணியம் இணைய இதழ் 2012 முதல் தமிழில் கணிநுட்பக் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது. உங்கள் ஃபர்னஸ் பக்கத்து ஃபைபர் கதையை எழுதி அனுப்புங்கள். பிளாண்டில் வேலை பார்ப்பவரின் அனுபவம் பெரிய ஐ.டி. கம்பெனிகளில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று. அவர்கள் ஆவலாகக் கேட்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள், 5.57 லட்சம் சதுர அடி. தரமணிக்கு டைடல் வந்தது 2000இல். திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகள் இத்தனை வருஷம் ஊரைத் தாண்டிப் போய்வந்த வேலை இப்போது அவர்கள் வழித்தடத்திலேயே வருகிறது, எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஒரே மாவட்டமாக இருந்தும் நாம் இரண்டாகத்தான் இருக்கிறோம். அரக்கோணம் லைனில் ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர். இந்தப் பக்கம் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. இரண்டு தண்டவாளமும் சேர்வது பேசின் பிரிட்ஜில். சாலை என்றால் பெரியபாளையம் வழியாகச் சுற்ற வேண்டும். காக்களூரில் இருக்கும் ஐ.டி. ஆளுக்கும் எங்களுக்கும் பிரச்சினைகள் ஒன்றுதான், பேச்சுதான் இல்லை.

ஆகவே ஒரு யோசனை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தடவை பொன்னேரியில், ஒரு தடவை திருவள்ளூரில், இரண்டு மணி நேரம் கூடலாம். சொற்பொழிவு வேண்டாம். ஒருவர் தன் பிளாண்டில் தீர்த்த ஒரு பிரச்சினையையும், இன்னொருவர் தீராத ஒன்றையும் கொண்டுவரட்டும். மாணவர்களும் வரலாம், எலக்ட்ரீஷியன்களும் அக்கவுண்டன்ட்களும் கண்டிப்பாக வர வேண்டும். முதல் கூட்டத்துக்குத் தீராத பிரச்சினையை நான் கொண்டுவருகிறேன்: மழைக்காலத்தில் எங்கள் எடைமேடை சென்சார் காட்டும் எடை லேசாகத் தள்ளாடுகிறது, காரணம் இன்னும் பிடிபடவில்லை.